புளியங்கொட்டை, கடற்பாசி, மரக்கூழ்: உங்கள் இ-ஸ்கூட்டர் பேட்டரிக்குள் இவை வருமா?

2022 செப்டம்பர் 12 இரவு, செகந்திராபாத்தில் ஒரு ஹோட்டல் கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இயங்கிய மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பிடித்தது. பேட்டரிகள் எரிந்து கிளம்பிய அடர்ந்த புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. ஹோட்டலில் தங்கியிருந்தவர்களில் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் சென்னையிலிருந்து வந்தவர்களும் உண்டு. அதே ஆண்டு மார்ச்சில், வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்திருந்தார்கள்.

மாதாப்பூரிலோ கச்சிபௌலியிலோ பிஜியில் தங்கி, கீழே பார்க்கிங்கில் ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டுவிட்டு மேலே போய்த் தூங்குபவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கேள்வி உங்களுடையதும்தான்: எரியாத பேட்டரி செய்யவே முடியாதா?

இதற்கு ஆய்வகங்கள் தேடும் விடைகளில் ஒன்று, பேட்டரிக்குள் இருக்கும் எரியக்கூடிய திரவத்தை எடுத்துவிட்டு, தாவரங்களிலிருந்தும் கடற்பாசியிலிருந்தும் கிடைக்கும் பொருள்களால் செய்த ஒரு மெல்லிய படலத்தை வைப்பது. தொழில்நுட்பப் பெயர்: உயிர்மூலத் திட பாலிமர் எலக்ட்ரோலைட். பெயர்தான் நீளம், விஷயம் எளிமையானது.

பேட்டரிக்குள் எரிவது எது?

லித்தியம் அயான் செல்லில் மூன்று முக்கியப் பகுதிகள். ஒரு பக்கம் கேத்தோடு, இன்னொரு பக்கம் ஆனோடு (பெரும்பாலும் கிராஃபைட்), நடுவில் எலக்ட்ரோலைட். பள்ளியில் மின்பகுளி என்று படித்தோமே, அதுதான். சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் லித்தியம் அயனிகள் இதன் வழியாகத்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகின்றன. இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் இருக்க, சுமார் 20 மைக்ரான் தடிமனில் துளைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தாள் நடுவே இருக்கும். இதற்குப் பெயர் செப்பரேட்டர்.

1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இன்றுவரை, எலக்ட்ரோலைட் பெரும்பாலும் திரவம்தான். கார்பனேட் வகைக் கரைப்பான்களில் லித்தியம் உப்பைக் கரைத்த கலவை அது. இந்தக் கரைப்பான்களில் ஒன்றான டைமெத்தில் கார்பனேட், 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழேயே தீப்பொறி பட்டால் பற்றக்கூடிய ஆவியைத் தரும். ஹைதராபாத் கோடையில் நிழலிலேயே 40 டிகிரி.

சாதாரணமாக இது மூடிய செல்லுக்குள் பத்திரமாக இருக்கும். உற்பத்திக் குறை, அடிபட்ட பேட்டரி, சரியில்லாத சார்ஜர் என்று ஏதோ ஒன்றால் உள்ளே சூடு ஏறினால்தான் சிக்கல். சுமார் 100 டிகிரி பக்கம் ஆனோடின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கும். சுமார் 130 டிகிரியில் பாலிஎத்திலீன் செப்பரேட்டர் உருகும். இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டால் இன்னும் சூடு, இன்னும் வேதிவினை, வாயு, தீ. ஒரு செல் பக்கத்து செல்லைப் பற்றவைக்கும். இந்தச் சங்கிலிக்குப் பெயர் தெர்மல் ரன்அவே. எரியும்போது உப்பிலுள்ள புளூரின் காரணமாக ஹைட்ரஜன் புளூரைடு என்ற நச்சு வாயுவும் வரும். இத்தகைய விபத்துகளில் தீயைவிடப் புகையே பலரைக் கொல்கிறது.

திரவத்துக்குப் பதில் பிளாஸ்டிக்கா?

பிளாஸ்டிக் வழியாக அயனி நகரும் என்பதே ஒரு காலத்தில் ஆச்சரியமான செய்தி. 1973இல் பிரிட்டனின் ஷெஃபீல்டில் பீட்டர் ரைட்டும் சகாக்களும், பாலிஎத்திலீன் ஆக்ஸைடு (சுருக்கமாக பிஇஓ) என்ற பாலிமர், கார உலோக உப்புகளோடு சேர்ந்து அணைவுகள் உருவாக்குவதைப் பதிவுசெய்தார்கள். இதைப் பேட்டரியில் பயன்படுத்தலாம் என்ற யோசனையை 1970களின் இறுதியில் முன்வைத்தவர் பிரான்சின் மிஷேல் அர்மான்.

இது எப்படி வேலை செய்கிறது? கூட்டமான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர் கொடுத்த டிக்கெட் காசு, கை மாறி கை மாறி கண்டக்டரிடம் போய்ச் சேரும். காசுதான் லித்தியம் அயனி. பயணிகளின் கைகள், பாலிமர் சங்கிலியிலுள்ள ஆக்ஸிஜன் அணுக்கள். சங்கிலி நெளியும்போது ஒரு ஆக்ஸிஜன் அயனியை விட, அடுத்தது பிடித்துக்கொள்ளும்.

பயணிகள் எல்லோரும் தூங்கிவிட்டால்? காசு நகராது. பிஇஓவின் பிரச்சினை அதேதான். அறை வெப்பநிலையில் அதன் சங்கிலிகளில் கணிசமான பகுதி படிகமாக அடுங்கி உறைந்து கிடக்கும். சுமார் 65 டிகிரியில் படிகம் உருகிய பிறகுதான் கைகள் சுறுசுறுப்பாகும்.

திடத்துக்கு மாறினால் இன்னொரு ஆதாயமும் உண்டு. கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லிஆம்பியர் மணி மின்னூட்டம் வைத்திருக்கும். லித்தியம் உலோகம் 3,860. பத்து மடங்குக்கும் மேல். திரவத்தில் லித்தியம் உலோகத்தைப் பயன்படுத்தினால் ஊசி ஊசியாக வளர்ந்து செப்பரேட்டரைக் குத்தும். கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனத்தின் லித்தியம் உலோக பேட்டரிகள் 1989இல் தீப்பிடித்துத் திரும்பப் பெறப்பட்டன. திடப் படலம் அந்த ஊசிகளைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. ரேஞ்சும் பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கும் என்பதால்தான் இவ்வளவு பணம் இந்தத் துறையில் கொட்டப்படுகிறது.

அப்போ ஏன் இன்னும் கடைக்கு வரல?

அயனி கடத்தும் திறன்தான் காரணம். அலகு: சென்டிமீட்டருக்கு மில்லிசீமென்ஸ். எண் கூடினால் நல்லது.

• இப்போதைய திரவ எலக்ட்ரோலைட், அறை வெப்பநிலையில்: சுமார் 10
• பிஇஓவும் லித்தியம் உப்பும், அறை வெப்பநிலையில்: 0.01க்கும் கீழே
• அதே கலவை, 60 டிகிரிக்கு மேல்: 0.1 முதல் 1 வரை

இதன் அர்த்தம் புரிய ஒரு சின்னக் கணக்கு. 100 மைக்ரான் தடிமனுள்ள படலம், கடத்துதிறன் 0.01 என்று வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஆம்பியர் மின்னோட்டம் எடுத்தால், அந்தப் படலத்திலேயே 1 வோல்ட் வீணாகும். எல்எஃப்பி வகை செல் மொத்தமாகத் தருவதே சுமார் 3.2 வோல்ட். மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே சூடாகப் போய்விடும்.

படலத்தை 20 மைக்ரானாக மெலிதாக்கி, கடத்துதிறனை 0.1 ஆக்கினால் இழப்பு 0.02 வோல்ட்தான். இது தாங்கக்கூடியது. ஆக, ஆய்வாளர்களின் இலக்கு திரவத்தின் 10ஐத் தொடுவது அல்ல. அறை வெப்பநிலையில் 0.1ஐத் தாண்ட வேண்டும், படலம் கிழியாமல் மெலிதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பொருளில் அமைவதுதான் கஷ்டம். சங்கிலி நெளிய நெளிய அயனி ஓடும், ஆனால் படலம் தொளதொளவென்று ஆகிவிடும்.

இதில் புளியங்கொட்டை எங்கே வந்தது?

அயனியைக் கைமாற்ற ஆக்ஸிஜன் வேண்டும் என்று பார்த்தோம். இயற்கையில் ஆக்ஸிஜன் நிறைந்த பாலிமர்களுக்குப் பஞ்சமே இல்லை. பருத்தியிலும் மரக்கூழிலும் செல்லுலோஸ். மரவள்ளியில் ஸ்டார்ச். பழத்தோலில் பெக்டின். இறால், நண்டு ஓட்டிலிருந்து கைட்டோசான். கடற்பாசியிலிருந்து அகாரும் கராஜீனனும். நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடப் பயன்படும் புளியங்கொட்டை மாவிலும் இதே வகைப் பாலிசாக்கரைடு இருக்கிறது.

படலம் செய்யும் முறையும் நமக்குத் தெரியாததல்ல. பொடியைத் தண்ணீரிலோ வேறு கரைப்பானிலோ கரைத்து, லித்தியம் உப்பு சேர்த்துக் கலக்கி, தட்டில் ஊற்றிக் காயவைத்து உரித்தெடுப்பார்கள். கூழ் வடாம் பிழியத் தெரிந்த வீட்டுக்கு இது புதிதில்லை. காயும்போது சங்கிலிகள் படிகமாக அடுங்காமல் இருக்க உப்பின் அளவை மாற்றிப் பார்ப்பதும், கிளிசரால் போன்ற இளக்கிகள் சேர்ப்பதும்தான் ஆய்வின் பெரும்பகுதி.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. கோவையின் மெட்டீரியல்ஸ் ரிசர்ச் சென்டரைச் சேர்ந்த எஸ். செல்வசேகரபாண்டியனும், மதுரை, பொள்ளாச்சி உள்ளிட்ட ஊர்களின் கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்து பெக்டின், செல்லுலோஸ் அசிட்டேட், கராஜீனன், புளியங்கொட்டைப் பாலிசாக்கரைடு என்று ஒவ்வொன்றாக எடுத்து, லித்தியம், அம்மோனியம், மெக்னீசியம் உப்புகளோடு சேர்த்துச் சோதித்து வருகிறார்கள். இவர்களின் லித்தியம் உப்புப் படலங்கள் சில, 1 மில்லிசீமென்ஸைத் தொட்டதாகவும் தாண்டியதாகவும் கட்டுரைகள் வந்துள்ளன.

காரைக்குடியில் சிஎஸ்ஐஆரின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி) இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட நிறுவனம். அங்கு பணியாற்றிய ஏ. மானுவல் ஸ்டீபன் 2006இல் ஜெல் பாலிமர் எலக்ட்ரோலைட்டுகள் பற்றி எழுதிய தொகுப்புக் கட்டுரை, இத்துறையில் நுழையும் மாணவர்கள் முதலில் படிப்பவற்றில் ஒன்று.

உலக அளவில் அதிகம் பேசப்பட்டது 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லியாங்பிங் ஹூ குழு, செல்லுலோஸ் நானோ இழைகளுக்கு நடுவே செம்பு அயனிகளைப் புகுத்தி, நெருக்கமாக ஒட்டிக்கிடந்த சங்கிலிகளை விலக்கிவிட்டது. அந்த இடைவெளி லித்தியம் ஓடும் பாதையானது. அறை வெப்பநிலையில் கடத்துதிறன் 1.5. நாம் பார்த்த இலக்கான 0.1ஐவிட 15 மடங்கு.

எண் நல்லா இருக்கே, அப்புறம் என்ன?

கடத்துதிறன் என்ற ஒரே எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. மூன்று கேள்விகள் மிச்சமிருக்கின்றன.

முதலாவது, தண்ணீர். இந்தச் சர்க்கரைப் பாலிமர்கள் எல்லாமே ஈரத்தை இழுக்கும். படலத்தில் கொஞ்சம் ஈரம் தங்கினாலும் கடத்துதிறன் எண் அழகாக ஏறும். ஆனால் லித்தியம் உலோகத்துக்குத் தண்ணீர் ஆகாது, வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். ஆகவே, திறந்த காற்றில் அளந்த எண்ணும், நன்றாக உலர்த்தி ஈரமற்ற பெட்டிக்குள் அளந்த எண்ணும் ஒன்றல்ல.

இரண்டாவது, யார் நகர்கிறார்கள்? கடத்துதிறன் என்பது லித்தியமும் அதன் ஜோடியான எதிரயனியும் சேர்ந்து தரும் மொத்தம். நமக்கு வேலை செய்வது லித்தியம் மட்டும். பிஇஓவில் லித்தியத்தின் பங்கு சுமார் 0.2தான். அதாவது ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு பயனற்றது. மேரிலாந்து செல்லுலோஸில் இந்தப் பங்கு 0.78. அந்த ஆய்வு கவனிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, எத்தனை வோல்ட் வரை தாங்கும்? பிஇஓ சுமார் 4 வோல்ட் பக்கத்தில் சிதையத் தொடங்கும். எல்எஃப்பி கேத்தோடுக்கு அது போதும். நிக்கல் அதிகமுள்ள, 4.2 வோல்ட்டைத் தாண்டும் கேத்தோடுகளுக்குப் போதாது. இயற்கைப் பாலிமர்களில் நிறைய இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் லித்தியத்தோடும் உயர் வோல்டேஜோடும் ஒத்துப்போகாதவை. அதனால் அவற்றை வேதிமுறையில் மூட வேண்டிவருகிறது.

இந்த மூன்றையும் கடந்தாலும், ரூபாய் நாணய அளவு செல்லில் 100 முறை சார்ஜ் ஏற்றிக் காட்டுவது ஒன்று. ஸ்கூட்டர் அளவில், மழையிலும் வெயிலிலும், 1,000 முறைக்கு மேல் தாங்கவைப்பது வேறொன்று.

‘பயோ’ என்றாலே பசுமையா?

அவசியமில்லை. உயிர்மூலம் என்பது மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் வார்த்தை. அது மக்கும் என்ற உத்தரவாதம் அல்ல. உதாரணத்துக்கு, கரும்பு மொலாசஸ் எத்தனாலிலிருந்து எத்திலீன் ஆக்ஸைடு தயாரிக்கும் தொழில் இந்தியாவிலேயே நடக்கிறது. அதிலிருந்து பிஇஓ செய்தால் அது உயிர்மூலப் பாலிமர்தான். ஆனால் மூலக்கூறு அளவில் பெட்ரோலிய பிஇஓவுக்கும் அதற்கும் வித்தியாசமே கிடையாது.

இந்தப் படலங்களில் அடிக்கடி சேர்க்கப்படும் லித்தியம் உப்புகள் சில, எளிதில் மக்காத புளூரின் சேர்மங்கள். தவிர, பேட்டரியின் எடையில் பெரும்பங்கு கேத்தோடு, ஆனோடு, உலோகத் தகடுகளுக்குத்தான். எலக்ட்ரோலைட்டைப் பசுமையாக்கினால் மட்டும் மொத்த பேட்டரியும் பசுமையாகிவிடாது. மறுசுழற்சி எளிதாகுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தண்ணீரில் கரையும் படலமாக இருந்தால் கேத்தோடைப் பிரித்தெடுப்பது சுலபமாகலாம். இந்தியாவின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருப்பதால், இது வெறும் நல்லெண்ணக் கேள்வி இல்லை, செலவுக் கணக்கும்கூட.

திடம் என்றால் தீயே இல்லையா?

இங்கே பாரிஸ் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். திட பாலிமர் பேட்டரியைச் சாலையில் ஓட்டிக் காட்டியது பிரான்சின் பொலோரே குழுமம். 2011 முதல் 2018 வரை பாரிஸின் ஓட்டோலிப் வாடகைக் கார்களில் இந்த பேட்டரிதான். லித்தியம் உலோகமும் பாலிமரும் கொண்ட இது வேலை செய்ய 60 முதல் 80 டிகிரி வரை சூடாக வைத்திருக்க வேண்டும். அதே குழுமத்தின் மின்சாரப் பேருந்துகளில் இரண்டு, 2022 ஏப்ரலில் ஒரே மாதத்துக்குள் அடுத்தடுத்து எரிந்தன. பாரிஸ் போக்குவரத்து நிறுவனம் 149 பேருந்துகளை முன்னெச்சரிக்கையாக நிறுத்திவைத்தது. யாருக்கும் காயமில்லை.

பாலிமரும் எரியும் பொருள்தான். லித்தியம் உலோகம் சுமார் 180 டிகிரியில் உருகும், பற்றினால் அணைப்பது கடினம். செல்லுலோஸ் உருகாது என்பது சாதகம், ஆனால் தாளும் துணியும் எரிவதை நாம் பார்த்திருக்கிறோம். திட எலக்ட்ரோலைட் செய்வது, எளிதில் ஆவியாகிப் பற்றும் பொருளை நீக்குவது. தீப்பிடிக்கும் வாய்ப்பும் வேகமும் குறையலாம். பூஜ்யமாகாது.

ஹைதராபாத் எங்கே நிற்கிறது?

பேட்டரித் துறையின் கண்ணிகள் பல இந்த நகரைச் சுற்றியே இருக்கின்றன. பாலாப்பூரில் உள்ள ஏஆர்சிஐ ஆய்வு மையம், எல்எஃப்பி கேத்தோடு பொருள் தயாரிப்பில் வேலை செய்கிறது. தார்நாகாவில் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம். சங்காரெட்டி மாவட்டம் கந்தியில் உள்ள ஐஐடி ஹைதராபாத், இரண்டு முனைகளிலும் கார்பனையே பயன்படுத்தும் 5 வோல்ட் பேட்டரியை 2021இல் அறிவித்தது. செர்லபள்ளியில் உள்ள சி-மெட் மின்னணுக் கழிவு மறுசுழற்சியில் ஈடுபட்டிருக்கிறது.

மகபூப்நகர் மாவட்டம் திவிடிப்பள்ளியில் அமர ராஜா நிறுவனத்தின் லித்தியம் செல் தொழிற்சாலைக்கு 2023 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. 9,500 கோடி ரூபாய் முதலீடு, 16 ஜிகாவாட் மணி செல் திறன் என்பது அறிவிப்பு. திரவ எலக்ட்ரோலைட்டுக்காகக் கட்டப்படும் இயந்திரங்களிலேயே புதிய படலத்தையும் பயன்படுத்த முடிந்தால் அது வேகமாகச் சந்தைக்கு வரும். எல்லா இயந்திரத்தையும் மாற்ற வேண்டுமென்றால், ஆய்வகத்தில் எவ்வளவு ஜெயித்தாலும் தொழிற்சாலை யோசிக்கும். அதனால்தான் முழுத் திடத்துக்கு முன்பாக, கொஞ்சம் திரவமும் நிறைய பாலிமரும் கலந்த ஜெல், அரைத்திட வகைகள் முதலில் வருகின்றன.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

இன்று உங்களிடம் இருப்பது பெரும்பாலும் திரவ எலக்ட்ரோலைட் பேட்டரிதான். 2022 விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு ஏஐஎஸ் 156 பாதுகாப்புத் தரத்தைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக அமல்படுத்தியது. வாங்கும்போது கவனிக்க:

• திருத்தப்பட்ட ஏஐஎஸ் 156 சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். பழைய ஸ்டாக், செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் கட்டாயம் கேளுங்கள்.
• ‘சாலிட் ஸ்டேட்’ என்று விளம்பரம் செய்தால், திரவம் முழுக்க இல்லையா, அரைத்திடமா என்று கேளுங்கள்.

வீட்டில், பிஜியில்:

• படிக்கட்டுக்குக் கீழேயும் வெளியேறும் வழியிலும் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் புகை ஏறும் வழியும் நீங்கள் இறங்க வேண்டிய வழியும் ஒன்றாகிவிடும்.
• ஓட்டி வந்ததும் உடனே சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள்.
• ராத்திரி எல்லோரும் தூங்கும் நேரத்தில், அறைக்குள் பேட்டரியைக் கொண்டுவந்து சார்ஜ் போடுவதைத் தவிருங்கள்.
• பேட்டரி உப்பியிருந்தால், வித்தியாசமான வாடை வந்தால், தண்ணீரில் மூழ்கியிருந்தால் சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டருக்குத் தெரிவியுங்கள்.
• தீ என்றால் அணைக்க முயன்று நேரத்தைக் கடத்த வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, 101 அல்லது 112ஐ அழையுங்கள்.

அடுத்த ‘அதிசய பேட்டரி’ செய்தி வந்தால்?

வாழைத்தண்டிலிருந்து பேட்டரி, கடற்பாசியிலிருந்து பேட்டரி என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். ஃபார்வர்ட் செய்வதற்கு முன்பு அதில் இந்த நான்கும் இருக்கிறதா என்று தேடுங்கள்: எந்த வெப்பநிலையில் அளந்த கடத்துதிறன்? படலம் எவ்வளவு தடிமன், எவ்வளவு உலர்ந்தது? எத்தனை முறை சார்ஜ் ஏற்றி இறக்கினார்கள்? எந்த அளவு செல்லில்?

நான்குக்கும் பதில் இருந்தால் அது நல்ல ஆய்வு, ஃபார்வர்ட் செய்யுங்கள். முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால், இப்போதைக்கு அது பொருளைப் பற்றிய செய்தி மட்டுமே. பேட்டரியைப் பற்றிய செய்தி இல்லை.